முணுமுணுப்பும் மூன்று வரியும்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. தெருவுக்கும் ஊருக்கும் அவர் பிரேக் மாஸ்டர்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் அடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அதன் மேல் காலை வைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். பழக்கம் பொல்லாதது. சினிமாத் திரையில் கார் வேகமாக வந்தால்கூட அவர் கால் தானாக அழுத்தும். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் தரை தனியாகப் பளபளக்கும். மனைவி பேச்சில் கியர் மாற்றும்போதெல்லாம் அங்கே ஓர் அழுத்து அழுத்துவார். அந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை.

ஆரம்பத்தில் அவர் கத்துகிற ஆசாமி. கிளட்சை விட்டால் கத்துவார், விடாவிட்டாலும் கத்துவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டால், கார் வருவதற்கு முன்பே ஜனங்கள் ஓரமாக ஒதுங்குவார்கள். ஒரு நாள் அவரிடம் பழக வந்த பல் டாக்டர் ஒருவர், அவர் கத்தல் தாங்காமல் நடுச் சாலையில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தே போய்விட்டார். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்த சத்தத்தில், மாஸ்டர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன்னைவிடப் பெரிய சத்தத்தைக் கேட்டார்.

ஸ்கூல் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு, இனிமேல் வாயிலிருந்து சத்தம் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சத்தம்தானே வரக் கூடாது? திட்டு வரக் கூடாது என்று சொல்லவில்லையே. மனிதர் உதடு அசையாமல் திட்டக் கற்றுக்கொண்டார். முகத்தில் சாந்தம், தொண்டைக்குள் சண்டை. வண்டி கிளம்பியதும் சார் கண்ணை நேராக வைத்துக்கொண்டு ஏதோ பிரார்த்தனை பண்ணுகிறார் என்று பழக வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நல்ல வேளை, அவர் யாரை வேண்டிக்கொண்டார், என்ன வார்த்தை சொல்லி வேண்டிக்கொண்டார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

கத்தலை வேலையிடத்தில் விட்டுவிட்டு வந்தவர், முணுமுணுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காயில் உப்பில்லை என்றால் முணுமுணுப்பார். மின்விசிறி கிறீச்சிட்டால் முணுமுணுப்பார். சமையலறைக் குழாய் சொட்டினால், எழுந்து போய் இறுக்கி மூடாமல், கூடத்தில் உட்கார்ந்தபடியே அதற்கும் முணுமுணுப்பார். மனைவியிடமிருந்து பதில் வராது. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “நான் சொல்றது காதுலயே விழாதா?” என்று அதை மட்டும் சத்தமாகக் கேட்பார். அவள் ஈரக் கையோடு வந்து, “இப்ப என்ன சொன்னீங்க?” என்பாள். “ஒண்ணும் இல்லை” என்பார். பல வருஷமாக அந்தத் தம்பதியின் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, இதற்கும் நடுவில் ஓர் ஆள் இல்லாமல் போனது.

அந்தத் திங்கட்கிழமை அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி எங்கேயோ போயிருந்தாள். காலையில் சொல்லிவிட்டுத்தான் போனாள். எங்கே என்பதுதான் அவர் மண்டையில் ஏறவில்லை. பசி வேறு. சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள். முகத்தில் ஏதோ சொல்லப் போகிற துடிப்பு. அவர் செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. மத்தியானமே வருவேன் என்று நேற்றே சொன்னேனே என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல உதடு அசையாமல் முணுமுணுத்தார்: “இவகிட்ட சொல்றதும் ஒண்ணு, சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு.”

அவள் கைப்பையோடு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்து, அவருக்குக் கொடுக்காமல், அவர் எதிரே நின்று தானே குடித்தாள்.

“ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போறேன். டிக்கெட் எடுத்துடுவேன்” என்றாள். “திரும்பி வர டிக்கெட் எடுக்கப் போறதில்லை.”

அவர் கால் தரையை அழுத்தியது.

“இந்த வீட்டுல ஒண்ணு மாறியிருக்கு. அது என்னன்னு நீங்களா கண்டுபிடிச்சுச் சொன்னா, திரும்பி வர டிக்கெட்டும் எடுக்கறேன். இல்லாட்டி, மக அங்கேயே இருந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா.”

விளையாட்டு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அன்றைக்கு ராத்திரி அவள் பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டியபோதுதான் விளையாட்டு இல்லை என்று புரிந்தது. வாரக் கடைசிக்குப் போகிறவள் எடுக்கிற பெட்டி இல்லை அது.

ஆனாலும் தன்னம்பிக்கை இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது லாரியா பஸ்ஸா என்று பார்க்காமலே சொல்லிவிடுகிற மனிதர். வீட்டில் ஒன்று மாறியதைக் கண்டுபிடிப்பது என்ன பிரம்ம வித்தையா? மறுநாள் காலையில் எழுந்ததும் கூடத்து ஜன்னலைக் காட்டி, திரைச்சீலை புதுசு என்றார். அது போன மழைக்காலத்திலேயே மாற்றியது என்றாள். கடிகாரம் இடம் மாறியிருக்கிறது என்றார். அந்தக் கடிகாரம் நின்றுபோய், பழுது பார்க்கப்பட்டு, வேறு ஆணியில் ஏறி இரண்டு கோடை ஆகிவிட்டதாம். சோபாவுக்கு உறை? அது அவர் பிறந்தநாளுக்கு அவரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு அவர் கடைக்குள் நின்றுகொண்டு வெளியே யாரோ வண்டி நிறுத்துகிற லட்சணத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதன்கிழமை அவள் பக்கமே திரும்பிப் பார்த்து, “தோடு புதுசா?” என்று கேட்டார். அவள் ஒரு கணம் ஆடாமல் நின்றாள். “மக பொறந்தப்ப வாங்குனது” என்று சொல்லிவிட்டு, முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். இந்த ஆண்களுக்கு இது ஒரு வியாதி. பக்கத்தில் வந்துவிடுவார்கள், தொட்டுவிடுகிற தூரத்துக்கு வந்துவிடுவார்கள், அங்கிருந்து திரும்பிப் போய்விடுவார்கள்.

இதில் அவருக்குப் பிடிபடாத இன்னொரு விஷயம், வாரம் முழுக்க வீடு ஒரு தினுசாகச் சொன்னபடி கேட்டது. உப்பில்லையே என்று தொண்டைக்குள் அலுத்துக்கொண்டால் உப்பு ஜாடி தானாக மேஜைக்கு வந்தது. மின்விசிறி கிறீச்சிட்டு அவர் முணுமுணுத்தால், மறுநாள் அதற்கு எண்ணெய் போட்டிருந்தது. ஊருக்குப் போகிற நேரத்தில்தான் இவளுக்குப் பொறுப்பு வருகிறது என்று நினைத்துக்கொண்டார். நம் ஆள் அப்படித்தான்.

அவரிடம் அப்போது வண்டி பழகிக்கொண்டிருந்தவர்களில் ஒரு நூலகர் அம்மா இருந்தார். டிரைவிங் ஸ்கூலுக்கே அவர் ஒரு சோதனை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையோடு உலகத்தை முழுக்கப் பார்ப்பார். மதில் மேல் பூனை கொட்டாவி விடுவது தெரியும். மூன்றாவது மாடியில் ஒற்றைக் காலுறை காய்வது தெரியும். சிவப்பு விளக்கு மட்டும் தெரியாது. லைசென்ஸ் பரிசோதனையில் பல தடவை தோற்றவர், தோற்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

வியாழக்கிழமை மாஸ்டர் வாய் திறந்து கேட்டுவிட்டார். இத்தனையும் எப்படி உங்கள் கண்ணில் படுகிறது, எனக்கு என் வீட்டிலேயே ஒன்றும் படமாட்டேன் என்கிறதே என்று. கேட்டவர், வெட்கத்தை விட்டுத் திரும்பி வரும் டிக்கெட் கதையையும் சொன்னார்.

“நான் ஹைக்கூ எழுதறேன், மாஸ்டர்” என்றார் நூலகர். ஜப்பான்காரர்களுடைய கவிதை, மூன்றே வரி என்று விளக்கினார். கண்ணெதிரே இந்த நொடியில் நடக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறிவுரை கூடாது, புகார் கூடாது, அது போல இது போல என்று ஜோடிப்பும் கூடாது. எழுதி எழுதிப் பழகினால் மனசு நாளைக்கும் நேற்றைக்கும் ஓடாமல், உடம்பு உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே வந்து உட்காரும் என்றார். சொல்லிக்கொண்டே ஒரு சைக்கிள்காரரின் பக்கமாக வண்டியைத் திருப்பினார். மாஸ்டர் பிரேக்கை அழுத்தினார்.

பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அங்கேயே தன் முதல் கவிதையைச் சொன்னார்.

சிவப்பு விளக்கு
நிற்காமல் போகிறான் பார்
தறுதலை

“இது புகார்” என்றார் நூலகர்.

கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொன்று வந்தது.

இந்தப் பக்கம் பார்
அந்தப் பக்கம் பார்
பிறகு போ

“இது பாடம்” என்றார் நூலகர். அறிவுரையும் இல்லை, திட்டும் இல்லை என்றால் மாஸ்டரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அவருக்கே தெரியவில்லை. வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு உண்டா என்று கேட்டார். ஜப்பான் மொழியில் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஓசைக் கணக்கு உண்டு, நமக்கு அது ஒத்துவராது, விட்டுவிடுங்கள் என்றார் நூலகர். போக்குவரத்து விதி ஒவ்வொன்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதரிடம் ஒரு விதியைக் காட்டிவிட்டு, விட்டுவிடு என்றால் விடுவாரா?

வெள்ளிக்கிழமை வகுப்பு முழுக்க எண்ணிக்கொண்டே வந்தார். புள்ளி வைத்த எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் பெரிய சிக்கல். சேர்த்தால் வரி நீளுகிறது, விட்டால் குறைகிறது. கை விரல் பத்தும் போதாமல் கால் விரலுக்கு இறங்கிவிட்டார் போலிருக்கிறது. அந்தக் கால் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பிரேக்கின் மேல் இல்லை. நூலகரோ மின்கம்பத்தில் ஒரு புறா மற்றொரு புறாவை இடித்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் மெதுவாக, யாருக்கும் அவசரம் இல்லாத வேகத்தில், நடைபாதையில் ஏறியது. அங்கே ஒரு மெத்தைக் கடை. வாசலில் தலையணைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். கார் அதில் போய் முகத்தைப் புதைத்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உச்சியிலிருந்த தலையணை ஒன்று யோசித்து யோசித்துச் சரிந்து, கார் முகப்பின் மேல் வந்து படுத்துக்கொண்டது.

கடைக்காரர் ஓடி வந்து கத்தினார். மாஸ்டர் அந்தத் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக் கோடு போட்டது. ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. அவருக்கு யாரையும் திட்டத் தோன்றவில்லை. தொண்டைக்குள் அப்படி ஓர் அமைதி அவருக்கு நினைவு தெரிந்து இருந்ததில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

கார் முகப்பில்
மெல்ல வந்து விழுகிறது
ஒரு தலையணை

“இதுதான், மாஸ்டர்” என்றார் நூலகர். அவர் கண் கலங்கியிருந்தது. கடைக்காரர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை நூலகருக்கு மறுபடியும் லைசென்ஸ் பரிசோதனை. மறுபடியும் தோல்வி. பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. சாலையை ஒரு கம்பளிப்பூச்சி கடந்துகொண்டிருந்ததாம். தோற்றவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். வீட்டுக்குப் போய் வெறுமனே உட்காருங்கள், எதையும் தேடாதீர்கள், காதில் விழுவதைக் கேளுங்கள் என்று மாஸ்டருக்குத்தான் தைரியம் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் மாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்தார். பெரிய பெட்டி பாதி நிரம்பி, வாயைத் திறந்துகொண்டு சோபாவில் கிடந்தது. அவளுடைய குளிர்ச் சட்டைகூட அதில் இருந்தது. குளிர்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மின்விசிறி. தெருவில் போகும் ஒரு மோட்டார் சைக்கிள். சமையலறையில் அவள் செருப்பு. குழாய் சொட்டும் சத்தம்.

பழக்கம் எங்கே போகும்? “அந்தக் குழாயை யாராவது கொஞ்சம் இறுக்கி மூடினா என்ன” என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

சொட்டுவது நின்றது.

வேறொரு நாளாக இருந்தால் அதைக் கவனித்திருக்க மாட்டார். அன்றைக்கு அவருக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கண்ணைத் திறந்தார். இன்னும் குரலைத் தாழ்த்தி, தனக்கே கேட்காத அளவுக்கு, “ஒரு வாய் தண்ணி கிடைச்சா நல்லா இருக்கும்” என்றார். செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். போகும்போது முடியைக் காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உப்பு ஜாடி ஞாபகம் வந்தது. மின்விசிறிக்குப் போட்ட எண்ணெய் ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் திங்கட்கிழமை முணுமுணுத்த சுவர் ஞாபகம் வந்தது. அவருக்குப் பகீரென்றது. தண்ணீரைத் தொடவில்லை. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை. தானாக வந்தது.

சுவருக்கு
முளைத்திருக்கிறது காது
கூந்தலுக்குள்ளே

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் அவரை விதை அளவில் ஒரு காது மிஷின், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் காதுக்குள் போனது.

“திங்கக்கிழமைதான் மாட்டுனாங்க” என்றாள். “நீங்க காதுல விழலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நிஜமாவே விழலையோன்னு போய்க் காட்டினேன். பல வருஷமாவே குறைஞ்சுதான் இருந்திருக்கு. மிஷினை மாட்டிக்கிட்டு வர்ற வழியெல்லாம் என் செருப்புச் சத்தம் எனக்கே கேக்குது. ஒரே சந்தோஷம். உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் பேச்சே அந்தச் சுவர்தான்.”

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. அழுத்தி என்ன பிரயோஜனம்? அந்த வண்டி திங்கட்கிழமையே இடித்தாகிவிட்டது. அவருக்கு அவமானமாக இருந்தது. முணுமுணுக்கக்கூட வரவில்லை.

“அப்பவே என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல” என்றார் கடைசியில்.

“திட்டத்தான் இருந்தேன். தண்ணி எடுக்க உள்ளே போனப்ப இன்னொண்ணும் கேட்டுது.”

“என்ன?”

“இவ கை பட்டா பச்சைத் தண்ணிகூட ருசிக்கும்னு முணுமுணுத்தீங்க.”

அவர் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அப்படிச் சொன்னதாக அவருக்கே நினைவில்லை.

“என்கிட்ட பேசறதையே நீங்க விட்டுட்டீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். “நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டேதான் இருந்திருக்கீங்க. திட்டும் இருக்கு, மத்ததும் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் வந்து சேரலை. அதான், நீங்களா கவனிக்கிறீங்களான்னு பாத்தேன். உப்பு, எண்ணெய்னு வாரமெல்லாம் குறிப்புக் குடுத்துப் பாத்தேன்.”

அவர் தட்டை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார். அந்தத் தட்டின் இடம் அது இல்லை. அவள் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, குளிர்ச் சட்டையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள்.

“சொன்னா சொன்னதுதான். திரும்பி வர டிக்கெட் எடுக்கறேன். எந்த நாளைக்கு எடுக்கட்டும்?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முகத்தில் சாந்தம். உதடு அசையவில்லை. “சீக்கிரம் வந்துரு. நீ இல்லாட்டி இது வீடா” என்றார்.

“என்ன சொன்னீங்க? காதுல விழலை.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். காது மிஷின் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் உதட்டோரத்தில் ஒரு குழி விழுந்து விழுந்து மறைந்தது. சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு அங்கே குழி விழும் என்பது, கல்யாணமான புதிதில் அவருக்குத் தெரிந்திருந்தது.

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். பல் டாக்டர் காலத்துக்கு அப்புறம் திறக்காத அளவுக்கு வாயைத் திறந்து, சொன்னதை முழுக்க, ஒரு வார்த்தை விடாமல், மறுபடியும் சொன்னார்.

மாடி வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. என்னாச்சு, யாருக்கு என்ன என்று மேலேயிருந்து பதற்றமாகக் குரல் கேட்டது.

அவள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனில் நாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“கத்தாதீங்க” என்றாள். “எனக்கு நல்லாத்தான் கேக்குது.”